முகம் பார்த்துப் பேசியவர்: வட சென்னை நாட்குறிப்புகள்

வியாழன், புளியந்தோப்பு

திருச்சியிலிருந்து இரவு ரயிலில் புறப்பட்ட நானும் மகளும் விடியும் முன்பே எழும்பூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து, புளியந்தோப்பில் நாத்தனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். பெங்களூரிலிருந்து வரவேண்டிய மகன் எங்களுக்கு முன்பே வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். என் கணவர் காலமாகி ஓராண்டு நிறைகிறது. ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டில் படையல். அதற்குள், அவர் பிறந்த தெருவில் தொடங்கி வேலை பார்த்த, விளையாடிய, மீன் வாங்கிய இடங்கள் வரை பிள்ளைகளோடு நடந்து பார்த்துவிட வேண்டும் என்பது என் விருப்பம். எழுதுவதை அன்றன்றே வெளியிடுவதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்பதால் நடை சற்று விறைப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பிறந்த வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடமும் கீழே ஒரு பிரியாணிக் கடையும் இருக்கின்றன. தெருவின் வளைவு மட்டும் பழையபடியே இருக்கிறது என்றார் நாத்தனார். அங்கிருந்து நடக்கும் தொலைவில்தான் பெரிய ஆலைகள் இருந்தன. பக்கிங்காம் மில் 1876இலும் கர்நாடிக் மில் 1881இலும் தொடங்கப்பட்டு, 1920இல் ஒரே நிறுவனமாயின; ஊரார் வாயில் இரண்டும் சேர்ந்து பி அண்ட் சி மில், அல்லது பின்னி மில். 1996இல் மூடப்பட்ட பின் அந்த வளாகம் பல ஆண்டுகள் சினிமாப் படப்பிடிப்புகளுக்குப் பயன்பட்டது; இப்போது ஒரு பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன.

என் கணவரின் தாத்தா அங்கே தொழிலாளியாக இருந்தவர். 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டபோது பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். திரு.வி.க.வின் மேடைத் தமிழைக் கேட்டதைத் தாத்தா சாகும்வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். 1921ஆம் ஆண்டின் நீண்ட வேலைநிறுத்தத்தில் அடுப்பு எரியாத நாட்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவாராம். பேச்சின் மீது அவ்வளவு மோகம் கொண்ட அந்தக் குடும்பத்தில்தான் அடுத்த தலைமுறையில் ஒருவர் காது கேளாதவரானார்.

என் மாமனார் பெரிய ஆலையில் இல்லை. வேறொரு சிறிய நெசவுக் கூடத்தில் தறி ஓட்டியவர். ஊடுநூலைக் கொண்டுசெல்லும் நாடா ஒரு பக்கத்திலிருந்து அடிபட்டு மறுபக்கம் போய் முட்டித் திரும்பும் ஓசை, வரிசையாக நிற்கும் அத்தனை தறிகளிலும் சேர்ந்து எழும்போது 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். அப்படிப்பட்ட ஓசையில் ஆண்டுக்கணக்காக நின்றால் உட்செவியின் நுண்ணிய மயிர்ச் செல்கள் அழிந்துபோகும். அவை மீண்டும் வளர்வதில்லை. முதலில் போவது உயர்ந்த சுருதியிலுள்ள ஒலிகள். உயிரெழுத்துகளின் ஓசை காதில் விழும், ஆனால் அவற்றைச் சொல்லாக்கும் மெய்யொலிகள், அதிலும் சகரமும் தகரமும், கரைந்துவிடும். எனவே அப்படிப்பட்டவரிடம் உரக்கக் கத்துவதால் எந்தப் பயனும் இல்லை. சத்தம் கேட்கும், சொல் கேட்காது. மாமனாருக்கு நாற்பது வயதுக்குள் அந்த நிலை வந்துவிட்டது.

அவர் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகினார். தறிக்காரர்கள் பலருக்கும் அது தொழிலோடு வரும் பழக்கம்தான். வீட்டில் எல்லோரும் அவர் முன்னால் வந்து, வெளிச்சத்தில் நின்று, முகத்தை அவர் பக்கம் திருப்பித்தான் பேசவேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பகரமும் மகரமும் உதட்டில் ஒன்றுபோலவே இருக்கும். 'படி' என்பதையும் 'மடி' என்பதையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. குழப்பம் வராத சொல்லாகத் தேடிச் சொல்லவேண்டும். மூத்த மகனான என் கணவருக்கு அந்த வேலை ஐந்தாறு வயதிலேயே வந்துவிட்டது. ரேஷன் கடையிலும் மருத்துவரிடமும் அப்பாவுக்கு அவர்தான் காது.

நாத்தனார் இன்று சொன்ன ஒன்று எனக்கே புதிது. "பொதுக்கூட்டம்னா அப்பாவுக்கு உசுரு அண்ணி. அண்ணனைக் கூட்டிக்கினு போயிடுவாரு. அண்ணன் மேடைக்கு முதுகைக் காட்டிக்கினு, அப்பா எதிர்ல உக்காந்து, அங்க பேசறத சத்தமில்லாம வாயால சொல்லிக்கினே இருப்பாரு." 1967 தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் அவருக்குப் பதினாறு வயது. ஒவ்வொரு மைதானத்திலும் கூட்டம் நடந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், அந்தப் பேச்சாளர்களையெல்லாம் அவர் காதால் கேட்டாரே தவிர, ஒருவரின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

மகன் அதன் பிறகு வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை.

வெள்ளி, பெரம்பூர் – வில்லிவாக்கம்

பேசின் பாலம், வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர், அடுத்து பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் என்று அந்த ரயில் பாதையே தொழிலாளர்களின் வருகைப் பதிவேடு. வேண்டுமென்றே மின்சார ரயிலில் போனோம். அவர் 1972இல் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப்பில் வெல்டராகச் சேர்ந்து 2011இல் ஓய்வுபெறும்வரை போய்வந்த வழி அது.

பெரம்பூர் நடைமேடையில் நிற்கும்போது அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த விரைவு ரயில் வந்தாலும் பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணைப் படிப்பார். முதல் இரண்டு இலக்கங்கள் அந்தப் பெட்டி கட்டப்பட்ட ஆண்டைக் குறிக்கும். கடைசி மூன்று இலக்கங்களிலிருந்து அது எந்த வகைப் பெட்டி என்று சொல்லிவிடலாம். 84 என்று தொடங்கினால், "நீ பிறந்த வருஷம்" என்று மகளைக் குனிந்து பார்த்துச் சொல்வார். மகளுக்கு அது நினைவிருக்கிறது. இன்று வந்து நின்ற ஒரு ரயிலின் எண்களை அவள் வாய்விட்டுப் படித்தாள். எல்லாம் புதிய பெட்டிகள்.

தொழிற்சாலைக்குள் நினைத்தவுடன் நுழைய முடியாது என்பதால் நியூ ஆவடி சாலையில் உள்ள ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனோம். 2002இல் திறந்தது, பழைய இஞ்சின்களும் பெட்டிகளும் மரநிழலில் நிற்கின்றன. பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம் அதிகம். அவரோடு ஒரே பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர் எங்களுக்காக வந்திருந்தார்.

ஐசிஎஃப் 1955 அக்டோபர் 2 அன்று நேருவால் தொடங்கிவைக்கப்பட்டது; முதற்பெட்டிகளின் தொழில்நுட்பம் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. தொடக்கத்தில் இங்கே பெட்டியின் கூடு மட்டும்தான் செய்தார்கள். இருக்கை, மின்விளக்கு முதலிய உள்வேலைகளுக்கான பிரிவு 1962இல் சேர்ந்தது. என் கணவர் கூடு செய்யும் ஷெல் பிரிவு. அடிச்சட்டம், பக்கச் சுவர்கள், முனைச் சுவர்கள், கூரை ஆகியவற்றைத் தனித்தனியாகச் செய்து, பிறகு ஒன்றாக நிறுத்திப் பற்றவைப்பார்கள். பற்றவைத்த இடத்தின் மேல் படிந்திருக்கும் கசடைச் சிறு சுத்தியலால் தட்டி எடுத்தால்தான் அடியில் இணைப்பு ஒழுங்காக அமைந்திருக்கிறதா என்று தெரியும். தகட்டில் நெளிவு விழுந்தால் சூடேற்றித் தட்டி நேராக்கவேண்டும். நண்பர் இதையெல்லாம் அங்கே நின்ற ஒரு பழைய பெட்டியின் மேலேயே கை வைத்துக் காட்டினார். சுத்தியலும் கிரைண்டரும் சேர்ந்து ஒலிக்கும் அந்த ஷாப்பில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் கேட்காது என்றார்.

பிறகு அவர் சொன்னதைக் கேட்டுப் பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலையை மேற்பார்வையிடும் சார்ஜ்மேன் கூரைமேல் நின்றபடி எதையோ கத்துவாராம். கீழே யாருக்கும் ஒன்றும் விளங்காது. என் கணவர் முகக் கவசத்தைத் தூக்கிவிட்டு அந்த வாயைப் பார்ப்பார், பார்த்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பி எல்லோருக்கும் கையால் சொல்லிவிடுவார். "மேல ஒரு மனுசன், கீழ நாங்க பத்து பேரு, நடுவுல அவருதாம்மா டெலிபோன்."

டெலிபோன் என்ற சொல்லைக் கேட்டதும் மகனின் முகம் மாறியது எனக்குத் தெரியும். வேலைக்காக வெளியூர் போனபின் அவன் தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் அவனுடைய அப்பா சொன்னது மூன்றே பதில்கள்: "ம்", "சரி", "அம்மாகிட்ட தரேன்". பொறுப்பான தகப்பன், ஆனால் பாசம் குறைவு என்று அவன் மனத்தில் ஒரு கணக்கு இருந்தது. அதை என்னிடம் ஒருமுறை சொல்லியும் இருக்கிறான். முகம் இல்லாத பேச்சு அவருக்குப் பழகவே இல்லை என்பதைச் சொல்லி விளக்க அப்போது எனக்கும் சொற்கள் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் பேரனோடு வீடியோ அழைப்பில் பேசத் தொடங்கியபோது, சோறு ஆறிப்போகும் என்று நான் அதட்டும்வரை அந்தச் சிறு திரையை விட்டு நகரமாட்டார். அதைப் பேரன் மேல் உள்ள தனிப் பிரியம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

அருங்காட்சியகத்தில் வேறு பலவும் இருந்தன. நான் அதிகம் பார்க்கவில்லை.

சனி, திருவொற்றியூர் – வியாசர்பாடி

காலையில் மெட்ரோவில் தேரடி நிலையத்தில் இறங்கித் தியாகராஜர் கோயிலுக்குப் போனோம். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டது 2021இல். அதற்கு முன் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு இடையில் பேருந்தில் வந்த அனுபவம் உள்ளவர்களுக்குத்தான் இந்தப் பயணத்தின் அருமை தெரியும். 1979இல் எங்கள் திருமணம் இந்தக் கோயிலில் நடந்தது.

இங்கே மகிழ மரத்தடியில் சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்குச் சத்தியம் செய்துகொடுத்த கதையைப் பெரிய புராணம் படித்தவர்கள் அறிவார்கள். உன்னைப் பிரியேன் என்று சொல்லிவிட்டு, அந்த வாக்கைக் காப்பாற்றாமல் போய்விடலாம் என்ற எண்ணத்தோடு, தாம் சத்தியம் செய்யும்போது கருவறையை விட்டு மகிழ மரத்துக்குப் போய்விடும்படி இறைவனிடமே கேட்டுக்கொண்டவர் அவர். இறைவனோ சங்கிலியிடம் போய், மரத்தடியிலேயே சத்தியம் வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார். வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் மாணவிகள் சங்கிலியின் பக்கம்தான் நிற்பார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

எங்கள் திருமணத்தன்று மாலை, சடங்குகள் எல்லாம் முடிந்து இந்த வெளிப் பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்தவர் திடீரென்று எழுந்து என் எதிரில் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தார். உறவுக்காரப் பெண்கள் சிரித்தார்கள். "எங்க வீட்டில இப்படித்தான் பேசுவோம். உங்களுக்குச் சங்கடமா இருந்தா சொல்லுங்க" என்றார். நான் என்ன பதில் சொன்னேன் என்பது இங்கே எழுதும் அளவுக்கு முக்கியமானது அல்ல. ஆனால் அதன் பிறகு இருந்த காலமெல்லாம், அடுத்த அறையிலிருந்து அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. காபி வேண்டுமென்றாலும் அடுப்படி வரை நடந்து வந்து, நான் திரும்பும்வரை நின்று, பிறகு கேட்பார். பிள்ளைகளைக் கண்டிக்கும்போதும் அதே நடை, அதே நிற்றல். அதனால்தான் சிறு வயதில் "அப்பா முறைக்கிறார்" என்று இருவரும் என் பின்னால் வந்து ஒளிந்துகொள்வார்கள்.

மாலையில் வியாசர்பாடி. கால்பந்துக்கும் கேரம் பலகைக்கும் பேர்போன பகுதி. ஓய்வுபெற்ற பின் நாள்தோறும் மாலை ஐந்து மணிக்கு அவர் கிளம்பிப்போன கேரம் மன்றம் ஒரு சந்துக்குள், தகரக் கூரையின் கீழ் இருக்கிறது. நான் அங்கே போனது கிடையாது. ஆண்கள் கூடும் இடம் என்று விட்டுவிட்டேன். ஒரு டியூப் லைட்டுக்குக் கீழே ஒரு பலகை என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் ஆட்டத்தை நிறுத்தி, ஸ்டூல்களைத் துடைத்துப் போட்டு, தேநீருக்கு ஆள் அனுப்பினார்கள்.

படையலுக்கு முன் நினைவஞ்சலி அட்டை ஒன்று அச்சிடவேண்டும் என்று உறவினர்கள் ஒரு வாசகம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். "அமைதியின் உருவமாய் வாழ்ந்து" என்று அது தொடங்கும். சாவு வீட்டிலும் வந்தவர் போனவர் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்: பேசாத மனிதர், வாய் திறக்காத மனிதர். அந்த வரியை மகள் படித்துக் காட்டியபோது மன்றத்தில் ஒருவர் வெடித்துச் சிரித்துவிட்டார்; சிரித்ததற்காக உடனே என்னிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். "யாரும்மா இத எழுதினது? உங்க வூட்டுக்காரரா பேசாதவரு? எங்கள இங்க பேசவுட்டாத்தானே!"

பிறகு ஆளுக்கொன்றாகச் சொல்லத் தொடங்கினார்கள். சிவப்புக் காய் பாக்கெட்டில் விழுந்து, அதை உறுதிசெய்யும் அடுத்த காய் தவறினால் எதிராளியை அவர் விட்டுவைக்கமாட்டாராம். எம்.எஸ்.வி. பாடல் எது, ராஜா பாடல் எது என்று பந்தயம் கட்டுவாராம். பொதுக்கூட்டப் பேச்சுகளை ஏற்ற இறக்கத்தோடு பேசிக் காட்டுவாராம்; அதிலும் வேடிக்கை, கையையும் உதட்டையும் மட்டும் அசைத்துச் சத்தமில்லாமல் செய்து, யார் பேச்சு என்று மற்றவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்வாராம். மேடையை ஒருநாளும் பார்க்காத மனிதர் அந்தத் தலைவர்களின் வாயசைவை எங்கிருந்து எடுத்தார் என்று நான் யோசித்தேன். அவை அந்தத் தலைவர்களுடையவை அல்ல. மைதானத்தில் அப்பாவுக்காக அவரே அசைத்த உதடுகள்தான். அதைச் சொன்னபோது எல்லோரும் ஒரு கணம் பேச்சற்றுப் போனார்கள்.

கேரம் பலகையின் ஆடுபரப்பு 74 சென்டிமீட்டர். நான்கு பேர் நான்கு பக்கம் உட்கார்ந்தால், நால்வர் முகத்திலும் வெளிச்சம் விழும். யாருக்கும் யாருடைய முகமும் மறையாது. புளியந்தோப்பு வீட்டில் மாமனாரின் எதிரே உட்கார்ந்தால் இருந்திருக்கக்கூடிய தூரமும் ஏறக்குறைய அதேதான். அவர் பேசாதவர் அல்லர். கல்யாணப் பந்தியிலும், பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் பேருந்திலும், தொலைபேசியிலும், அதாவது உறவினர்கள் அவரைச் சந்தித்த இடங்களிலெல்லாம், பேசாதவர், அவ்வளவுதான். இதை நான் முன்பே அறிந்திருந்தேன் என்று சொல்லிக்கொள்வேன், ஆனால் அவர் மாலை நேரங்களில் இத்தனை சிரிப்பை வேறொரு கூரையின் கீழ் வைத்திருந்தார் என்பதில் எனக்குச் சிறிது பொறாமையும் உண்டு.

அவருடைய ஸ்ட்ரைக்கரைப் பொட்டலமாகக் கட்டி எடுத்து வந்து மகனிடம் நீட்டினார்கள். அவன் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, இங்கேயே இருக்கட்டும், யாராவது ஆடட்டும் என்று திருப்பிக் கொடுத்தான். பிறகு அவர்கள் வற்புறுத்தவே உட்கார்ந்து ஒரு பலகை ஆடினான், மோசமாகத் தோற்றான். நாளைய படையலுக்கு மன்றத்தார் அனைவரையும் அழைத்துவிட்டு வந்தோம். திரும்பும் வழியில் பிள்ளைகள் கேட்டதால் வண்டிக் கடையில் அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் சாப்பிட்டோம்; அதில் நொறுக்கிப் போடும் மொறுமொறுப்பான பேஜோ போதவில்லை என்று மகள் குறைப்பட்டாள்.

ஞாயிறு, காசிமேடு

விடியற்காலை நான்கு மணிக்கு மகனும் மகளும் நானும் காசிமேட்டுக்குக் கிளம்பினோம். வழியில் ராயபுரம் ரயில் நிலையத்தின் முன் ஆட்டோவை நிறுத்தச் சொன்னான் மகன். அப்பாவோடு மீன் வாங்கப் போனால் இந்த நிறுத்தம் கட்டாயம் என்றான். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. இருட்டில் தூண்கள் மட்டும் தெரிந்தன.

மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் உச்சத்தில் இருந்தது. விசைப்படகுகளின் இரைச்சலும் ஐஸ் உடைக்கும் ஓசையும் ஏலக்காரரின் குரலும் சேர்ந்து எழும் அந்த இடத்தில் அவர் விரல்களாலேயே விலை பேசி முடிப்பார் என்பது எனக்குப் பழைய செய்தி. ஏப்ரல் 15இல் தொடங்கும் 61 நாள் தடைக்காலம் நெருங்குகிறது என்பதால் கூட்டம் அதிகம். வஞ்சிரம் சொன்ன விலையைக் கேட்டு மகள் பின்வாங்கினாள். படையலுக்கு அவருக்குப் பிடித்த சங்கராவும் காரப்பொடியும் வாங்கினோம். வஞ்சிரம் அவருக்கு எப்போதுமே பணக்கார வீட்டு மீன்.

பகலுக்குள் நாத்தனார் வீட்டில் சமையல் முடிந்தது. சங்கரா குழம்பு, காரப்பொடி வறுவல், முட்டை, கத்தரிக்காய்ப் பொரியல், ரசம், பாயசம். படத்தின் முன் தலைவாழை இலை போட்டுப் படைத்தோம். அச்சிட்ட அட்டை இல்லை. அந்த வாசகத்தை நிறுத்திவிட்டேன், உறவினர்கள் சிலருக்கு வருத்தம்தான். மன்றத்தார் வந்தபின் வீட்டில் ஒரே சிரிப்பும் பேச்சும். துக்க வீட்டில் இப்படியா என்று ஒரு பெரியம்மா முணுமுணுத்தார். பிறகு அவரே கதை கேட்க நகர்ந்து வந்து உட்கார்ந்துகொண்டார்.

பந்தி பரிமாறும்போது ஒன்றைக் கவனித்தேன். பின்னாலிருந்து "அத்தை, ரசம்" என்று மகள் கேட்டது நாத்தனாருக்கு எட்டவில்லை. இரண்டாம் முறையும் எட்டவில்லை. அவள் முன்னால் வந்து நின்று கேட்டதும் உடனே எடுத்துக் கொடுத்தார். முகம் பார்த்துப் பேசியே வளர்ந்தவர் என்பதால், காது மந்தமாகி எத்தனை நாள் ஆயிற்று என்பது அவருக்கும் தெரியவில்லை, வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியவில்லை. மகள் விடுப்பை இரண்டு நாள் நீட்டித்துக்கொண்டாள். நாளைக் காலை ஸ்டான்லி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அத்தையை அழைத்துப் போகிறாள். சீட்டு வாங்க ஏழு மணிக்கே போய் வரிசையில் நிற்பதாக மகன் சொல்லியிருக்கிறான்.